வெளியூர்ப் பாவசங்கீர்த்தனம்

அண்ணி,

போன வருடத்துக் குருத்தோலைகளை எல்லாரும் கொண்டுவந்து கொடுங்கள் என்று ஞாயிறு பூசை முடிவில் சாமியார் அறிவித்தார். அவற்றை எரித்த சாம்பலைத்தான் தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள். வருடா வருடம் கேட்கிற அறிவிப்புதான். வீட்டுக்கு வந்ததும் முக்காலியைப் போட்டு ஏறி, நிலைக்கு மேலே இருக்கும் சேசுவின் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். முதலில் தூசியும் பல்லி முட்டை ஓடும் வந்தன. அப்புறம் நீங்கள் மடித்த சிலுவை வந்தது.

காய்ந்து பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பனங்கிழங்கு வாங்கி வருகிற ஓலைக் கூடையின் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு மடிப்புகூட அவிழவில்லை. நான் மடிக்கிற சிலுவை, குருத்து ஞாயிறு பவனி கோயிலைச் சுற்றி வருவதற்குள் பல்லை இளித்துவிடும். "பொறந்ததுலேர்ந்து கிறிஸ்தவச்சி, உன் கையில ஒரு சிலுவ நிக்கமாட்டேங்குதே" என்று கேலி செய்வீர்கள். வல்லத்திலிருந்து வந்த உங்கள் கையில் அது இரும்பில் செய்தது மாதிரி நிற்கும்.

கோயிலில் கொடுப்பதற்காக மேசைமேல் எடுத்து வைத்தேன். அங்கேயே கிடந்தது. "குடுக்கலியா?" என்று அண்ணன் கேட்டார். "குடுக்கணும்" என்றேன். நீங்கள் போன பிறகு அண்ணன் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்தச் சிலுவையை மடித்துக்கொண்டேதான் நீங்கள் எனக்கு அதைச் சொன்னீர்கள். நேற்றுவரை நான் அதை முழுசாக நம்பவில்லை. நம்பாததற்காக வெட்கப்படுகிறேன். எதற்காக மன்னிக்கப்பட்டேனோ அதற்காக இன்னும் அதிகமாக வெட்கப்படுகிறேன்.

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நமக்கு ஏறக்குறைய ஒரே வயசு. முறைக்காக நான் 'நீங்க' என்றேன், நீங்கள் என்னை 'நீ' என்றீர்கள். மதம் மாறச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை. பொட்டு வைத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவீர்கள். அப்படியே சில வருடம் போனது. ஒரு நாள் நான் தையல் மெஷினில் இருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, "நானும் சேந்துக்கறேன் லூர்து. நீயே எல்லாம் சொல்லிக் குடு" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பாதிச் செஞ்சிக்குச் சொல்லிவிட்டேன்.

நான் ஜாக்கெட் தைப்பேன், நீங்கள் எதிரே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டே மந்திரங்களை மனப்பாடம் செய்வீர்கள். நடுநடுவே கேள்வி. "சிலுவையில தொங்கும்போது, இவங்கள மன்னிச்சிடுன்னு கேட்டாரே, ஆணி அடிச்சவன் எவனாச்சும் வந்து மன்னிப்பு கேட்டானா?"

"இல்ல."

"கேக்காமயே குடுத்துட்டாரா?"

"அது ஆண்டவரு அண்ணி. நம்மளுக்குன்னா மொதல்ல பாவத்துக்காக மனஸ்தாபப்படணும். அப்புறம் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அப்புறம் அவர் அபராதமா குடுக்குற செபத்த முடிக்கணும்." விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன்.

"யம்மா, ரேஷன் கடைய விடப் பெரிய க்யூவா இருக்குதே" என்று சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆணி அடித்தவர்களைப் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் விடவே இல்லை, வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதற்காகத்தான் நீங்கள் வந்தீர்கள் என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை. நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை வந்தது. அன்று இரவு பாஸ்கா பூசையில் உங்களுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். முந்தின வாரம் உங்கள் அம்மா வல்லத்திலிருந்து வந்து, வெள்ளைப் புடவையைத் தொட்டுப் பார்த்து, "எந்த சாமியா இருந்தா இன்னா, எம்பொண்ணு சிரிச்ச மூஞ்சா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் உங்கள் வெள்ளை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கோயிலில் பந்தல் வேலைக்குப் போயிருந்தார். நீங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். போன் அடித்தது. உங்கள் தம்பி.

"அக்கா இருக்குதா? அம்மாவுக்கு ரொம்ப முடியல. காலையிலேர்ந்து அக்கா பேரையே சொல்லிக்கினு இருக்குது. ஒடனே கெளம்பி வரச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

குளியலறைக்குள்ளிருந்து, "யாரு போன்ல?" என்று கேட்டீர்கள்.

"ராங் நம்பர்" என்றேன்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது எல்லாம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது, அண்ணி. இது ஞானஸ்நானத்தைத் தடுக்கிற நாடகமாக இருக்கும். போனால் திரும்ப விடமாட்டார்கள். இன்று விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். சாமியாருக்கு என்ன பதில் சொல்வது, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேனே. கடைசியாக, இதை ஆண்டவருக்காகத்தான் செய்கிறேன் என்று ஒரு நினைப்பு. என் கௌரவத்தைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு, பல்லால் நூலை அறுத்துக் கொக்கியை முடித்தேன். வல்லம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பஸ் ஏறினால் அரை மணி நேரம். பார்த்துவிட்டு நீங்கள் இரவுப் பூசைக்கே திரும்பி வந்திருக்கலாம்.

இரவு நீங்கள் ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றீர்கள். ஞானத்தாயின் வலது கை உங்கள் தோளில் இருக்க வேண்டும். இருந்தது. சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டபோது, நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் உரக்க, "விட்டுவிடுகிறேன்" என்றேன்.

விடிகிற நேரத்தில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை நீங்கள் எடுத்தீர்கள். ஈரம் காயாத தலையோடு வல்லத்துக்கு ஓடினோம். உங்கள் அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். "பெத்தவ சாவுற நேரத்துல சாமி கும்புடப் போனவ எதுக்கு இப்ப வந்தா?" என்று உங்கள் தம்பி கத்தினான். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்போது போன் பேச்சு வரும், இப்போது என் பேர் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. ஆண்டவர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று அந்தப் பிணத்தின் முன்னால் நின்றுகொண்டு நன்றி சொன்னேன். வெட்கங்கெட்டவள்.

அதற்குப் பிறகு உங்கள் தம்பி நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மதம் மாறிய கோபம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன், அதுதான் எனக்கு வசதி. தீபாவளிக்கு அவன் வரமாட்டான் என்று தெரிந்தும் நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது பக்கத்தில் வந்து, "ஆண்டவருக்காகப் படுற பாடு அண்ணி, பொறுத்துக்குங்க" என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள்.

என் பயம் என்னைப் பஸ் ஏற்றியது. நம்ம ஊர் சாமியாருக்கு என் குரல் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இருமினால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் திண்டிவனம் போனேன். சொன்னேன், மன்னிப்பு கொடுத்தார்கள், அபராதம் செபித்தேன். வெளியே வந்து உங்களைப் பார்த்ததும், சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றியது. அடுத்த தவக்காலத்தில் விழுப்புரம். அதற்கடுத்து திருவண்ணாமலை. ஒரு சாமியார், "இத முன்னாடியே எங்கியாவது சொல்லியிருக்கியாம்மா?" என்று கேட்டார். "இல்ல சாமி" என்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டபடியே பொய். அந்தப் பொய்யையும் பாவமாகச் சொல்வதற்கு இன்னொரு ஊர் தேட வேண்டியதாகிவிட்டது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று பாண்டிச்சேரி பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்.

எல்லா ஊருக்கும் நீங்கள் கூடவே வந்தீர்கள். "தனியா எதுக்குப் போற, நானும் வரேன்" என்பீர்கள். நான் உள்ளே போவேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வறுத்த கடலைப் பொட்டலத்தோடு கோயில் படியில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, "ஆச்சா?" என்பீர்கள். "ஆச்சு" என்பேன். அதுவும் பொய்தான். தோல் ஊதிய கடலையை என் கையில் கொட்டுவீர்கள். "இது எங்க வல்லத்துக் கடலைக்கு ஒற போடக் காணாது. தின்னு" என்பீர்கள். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் எனக்குத்தான்.

போன குருத்து ஞாயிறு அன்று உங்களால் எழுந்து கோயிலுக்கு வர முடியவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அண்ணன் கொண்டுவந்த ஓலையைக் கட்டிலில் சாய்ந்தபடி மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த வருசம் எந்த ஊரு லூர்து?"

"எதுக்கு?"

"பாவசங்கீர்த்தனத்துக்குத்தான். என்னால பஸ்ஸு ஏற முடியாது. நீயும் போவாத, போதும்." ஓலையைத் திருப்பி மடித்தீர்கள். "அந்த போன் விசயம்தான? எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே. அம்மாவக் குளிப்பாட்டும்போது தம்பி கேட்டான், லூர்துகிட்ட சொன்னனே, சொல்லலியான்னு. சொல்லிச்சிடா, நாந்தான் பூசை முடிச்சிட்டு வரலாம்னு இருந்துட்டேன்னு சொன்னேன்."

அண்ணி, அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. உங்கள் தம்பியின் கோபம் மதத்தின்மேல் இல்லை. என் பேர் வர வேண்டிய இடத்தில் நீங்கள் உங்கள் பேரைக் கொடுத்திருந்தீர்கள். கூடப்பிறந்தவனை அதற்காக இழந்திருந்தீர்கள். நான் உங்களுக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதலில் வந்தது அழுகைகூட இல்லை, கோபம். "ஏன் எங்கிட்ட சொல்லல? தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்பிடி ஊர் ஊராச் செத்திருக்கமாட்டேனே" என்று உங்களையே கத்தினேன். காயம்பட்டவரிடம் போய், ஏன் எனக்கு மருந்து போடவில்லை என்று சண்டை பிடித்தவள் நான்.

நீங்கள் கோபப்படவில்லை. "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். மொதல்ல ஒரு வருசம் உன் கையால சோறு வாங்கித் தின்னவே புடிக்கல. ஒவ்வொரு வாயும் பல்லக் கடிச்சிக்கினுதான் முழுங்குவேன். உனக்கு அது தெரியாது." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி சொன்னீர்கள். "அப்புறம் ஒரு நாளு நெனச்சேன். அன்னிக்கி ராத்திரி எந்தலையில தண்ணி ஊத்துனாங்க, எல்லாம் போச்சின்னாங்க. நான் இன்னா பண்ணேன் அதுக்கு? சும்மா குனிஞ்சி நின்னேன். எனக்கு சும்மா குடுத்தத உனக்கு மட்டும் இழுத்துப் புடிச்சி வெச்சிக்கவா? அப்பிடி நெனச்ச அன்னிக்கே உன்ன விட்டுட்டேன்."

"நான் கேக்கவே இல்லியே அண்ணி."

"ஆணி அடிச்சவன் கேட்டானா?" என்றீர்கள். அதே கேள்வி. "எங்கம்மா என்னத் தேடிக்கினே போச்சி. அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. அது எரியட்டும், உம்மேல எரியல. நீ வெக்கப்படு, வேணான்னு சொல்லல. பயப்படாத."

"உங்க தம்பிகிட்ட போயி சொல்லிடட்டுமா?"

"உனக்குத் தோணுச்சின்னா சொல்லு. சொன்னாத்தான் மன்னிப்புன்னு நெனச்சிக்காத. அது எப்பவோ குடுத்தாச்சி." மடித்து முடித்த சிலுவையை என் மடியில் போட்டீர்கள். "அந்த நெலைக்கு மேல வெய்யி."

மழைக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தம்பி வந்தான். மாலையைக் காலடியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றான். கல்லறைக்கு எடுப்பதற்குள் கிளம்பிவிட்டான். அவன் வண்டியை எடுக்கிற வரை நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். உங்களைப் புதைத்த மறு வாரமே என்ன செய்தேன் தெரியுமா? திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். நீங்கள் மன்னித்தது போதாதென்று, ஆண்டவர் அத்தனை தடவை மன்னித்தது போதாதென்று, மறுபடி ஒரு சாமியார் வாயால் கேட்கப் போனேன். வெளியே வந்தபோது படியில் யாரும் இல்லை. "ஆச்சா?" என்று கேட்க ஆள் இல்லாமல்தான், ஆகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மன்னிப்பு எனக்குக் கிடைக்காமல் இல்லை. சும்மா கிடைத்ததை வாங்கிக்கொள்ள என் கௌரவம்தான் விடவில்லை. ஏதாவது செய்து தீர்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் எனக்கு. இத்தனை ஊர் சுற்றியது பக்தி என்று நினைத்திருந்தேன். போக வேண்டிய ஒரே ஊருக்கு மட்டும் போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சிலுவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயில் பின்பக்கம் ஒரு இரும்புச் சட்டியில் எல்லா ஓலையையும் போட்டுக் கொளுத்தினார்கள். என் கையாலேயே போட்டேன். மற்றதெல்லாம் சரசரவென்று எரிந்தது. உங்களுடையது மடிப்புப் பிரியாமல் கடைசிவரை சிலுவையாகவே கிடந்து அப்புறம்தான் உதிர்ந்தது. கோட்டை மலைப் பக்கமிருந்து காற்று வீசி, புகை முழுக்க என் முகத்தில் அடித்தது. நல்லதாகப் போயிற்று, அழுதது வெளியே தெரியவில்லை.

இன்று காலை சாமியார் அந்தச் சாம்பலைத்தான் என் நெற்றியில் பூசினார். பூசை முடிந்து வீட்டுக்கு வராமல், அப்படியே வல்லம் பஸ்ஸில் ஏறினேன்.

உங்கள் தம்பி களத்தில் இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "இன்னா, அத்தான் நல்லாத்தான இருக்காரு?" என்று பதறினான். அதிலேயே நான் பாதி செத்தேன். நின்றபடியே சொன்னேன். நீ போன் பண்ணினாய், நான் எடுத்தேன், உன் அக்காவிடம் சொல்லவில்லை, அன்று ராத்திரி அவருக்குத் தெரியவே தெரியாது, என்னைக் காப்பாற்றத்தான் உன்னிடம் பொய் சொன்னார். விரல் மடக்காமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எங்கக்கா சாவுல மண்ணு போடாமகூட வந்துட்டேனே" என்றான். பிறகு, "போயிடு. இங்க நிக்காத" என்றான். துண்டை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

அவன் என்னை மன்னிக்கவில்லை, அண்ணி. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நீங்கள் கொடுத்தது கையில் இருந்ததால்தான் அவன் முன்னால் என்னால் நிற்க முடிந்தது. கல்லறைத் திருநாளுக்கு அவன் உங்களிடம் வருவான் என்று நினைக்கிறேன். வந்தால் நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஸ்டாப்பிங்கில் ஒரு அம்மா கடலை வறுத்துக்கொண்டிருந்தார். இன்று ஒருசந்தி நாள், சாயங்காலம் வரை பல்லில் எதுவும் படக் கூடாது. ஒரு பொட்டலம் வாங்கினேன். இந்தப் பாவத்தை நம்ம ஊர் சாமியாரிடமே சொல்லிக்கொள்கிறேன், என் குரலைக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். நெற்றியில் உங்கள் சிலுவையின் சாம்பலோடு, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு, சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தேன். தோலை ஊதி, பாதியை அந்தப் பக்கம் வைத்தேன். நீங்கள் சொன்னது சரிதான், வேறு எந்த ஊர்க் கடலையும் வல்லத்துக் கடலைக்கு உறை போடக் காணாது. வெட்கமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பயம் இல்லை.

ஆச்சு, அண்ணி.